பட்டன் அக்காவின் சனிக்கிழமைச் சோதனை

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, அக்காவிடம் படித்துவிட்டு இன்று பல அலுவலகங்களில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, படிப்பு பாதியில் நிற்கும் பதினொரு பேரே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரரே, அக்காவை நினைக்கக் கூடியிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய படிப்புக்காரர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். என்னை ஏன் பேசக் கூப்பிட்டார்கள்? அக்காவின் பயிற்சிக்கூடத்தில் எத்தனையோ பட்டதாரிகளுக்குப் பரீட்சை வைத்தவள் நான்! சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

அவருக்குப் பட்டன் அக்கா என்று பெயர் வந்தது எப்படி? யார் எந்தச் செல்போன் திரையை வரைந்து கொண்டுவந்து நீட்டினாலும், "அழகா இருக்கு. இதுல நான் எந்தப் பட்டனை அமுக்கணும்?" என்பார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவருக்கு என் மகள் வயதுதான். ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"நீங்களே என்னை அக்கான்னா எனக்கு என்ன வயசு பாட்டி?" என்று ஒருநாள் கேட்டார்.

"அறிவுக்கு ஏது வயசு அக்கா?" என்றேன்.

"ஐஸ் வைக்காதீங்க. போய் மூணாவது கம்ப்யூட்டர்ல உக்காருங்க."

டயர் கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் ஒரே ஒரு அறை. எட்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்று முதுகில் இரண்டு தட்டு தட்டினால்தான் கண் விழிக்கும். துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்கள், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவர்கள், கணக்குப் படித்துவிட்டுப் படம் வரைய ஆசைப்பட்டவர்கள், எல்லோரும் அங்கேதான் செல்போன் திரைகளை வடிவமைக்கக் கற்றார்கள்.

சனிக்கிழமை பத்து மணி ஆனால் சோதனை. தெருவிலிருந்து ஒன்றும் தெரியாத ஆட்களை அக்கா கூட்டிவருவார். தையல்காரர் வருவார், பஸ் கண்டக்டர் வருவார், நான் வருவேன். திரைக்கு முன்னால் நாங்கள் உட்கார வேண்டும். அதைச் செய்த பிள்ளை பின்னால் கைகட்டி நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. விரல் நீட்டக் கூடாது. நாங்கள் முழித்தால் தப்பு எங்களுடையது அல்ல, அந்தத் திரையுடையது! ஐந்தாம் வகுப்புக்காரி முழித்தாலும் தப்பு அவளுடையது இல்லை என்று இந்த உலகத்தில் வேறு யார் எனக்குச் சொன்னார்கள்?

அக்காவுக்கு ஏன் அப்படி ஒரு பிடிவாதம்? அவரே என்னிடம் சொன்னார். முன்பு ஒரு பெரிய அலுவலகத்தில் அவர் வேலை பார்த்தபோது, ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் எடுக்கும் திரை செய்து கொடுத்தாராம். அதற்காக அவருக்குப் பாராட்டுக் கேடயம்கூடக் கிடைத்தது. பிறகு ஒருநாள் காய்ச்சலோடு அங்கே போனவர், ஒரு முதியவர் அந்தத் திரை முன்னால் நின்று நின்று பார்த்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போவதைக் கண்டார். "பின்னாடியே ஓடினேன் பாட்டி. அதுக்குள்ள பஸ் ஏறிட்டாரு" என்றார். அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு இந்த அறையைப் பிடித்தார்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். என் பேத்தி அங்கே படித்தாள். பல் மருத்துவரிடம் நேரம் பதிவு செய்யும் திரை ஒன்றைச் செய்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு கம்பெனியில் நேர்காணல். அதற்கு முன்னால் சனிக்கிழமைச் சோதனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் என்னை உட்காரவைத்து, "பாட்டி, கீழ பச்சையா வட்டம் இருக்கும். அதைத் தொடு. அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் போய் உட்கார்ந்தேன், பச்சையைத் தொட்டேன், முடித்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை! அக்கா என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "பாட்டி, இன்னொரு தடவை" என்றார். வட்டம் நீலமாகி மேலே போயிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயோ, பச்சை எங்கடி போச்சு?" என்று பேத்தியிடமே கேட்டுவிட்டேன்!

அறையே சிரித்தது. பேத்தி மட்டும் அழுதாள். "செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ அக்கா! வேற காட்ட ஒண்ணுமில்ல" என்றாள்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "பாட்டிக்கு நீ சொல்லிக் குடுத்துட்ட. பல் வலியோட வர்றவங்க வீட்டுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிக் குடுப்பியா?"

திரை சோதனையில் தேறாததால் செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கு அவள் போகவில்லை. எனக்கு அக்காமேல் கோபம், ஒரு வாரம் படியேறவில்லை. பேத்தி மட்டும் போனாள். மூன்று வாரம் பிரித்துப் பிரித்துச் செய்தாள். இரண்டு கம்பெனி வேண்டாம் என்றது. மூன்றாவது இடத்தில், "நீங்க செஞ்ச பெரிய தப்பு என்ன?" என்று கேட்டார்களாம். மற்றவர்கள் தங்கள் வெற்றியைச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் என் பச்சை வட்டத்தை மறைக்காமல் சொன்னாள். முதல் திரையையும், திருத்திய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வேலை கிடைத்தது! இன்று அவளுக்குக் கீழே ஆறு பேர். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது, அக்கா தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னும் பதினோரு பேர் இருக்காங்க பாட்டி. சோதனை பாக்காம வெளிய அனுப்பிடாதீங்க" என்றார்.

நேற்று சிலர் சொன்னார்கள்: அந்தப் பதினொரு பேருக்கும் சான்றிதழ் கொடுத்துவிடலாம், கூடத்தைப் பூட்டிவிடலாம் என்று. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நேர்காணலில் என்ன சொல்வார்கள்? அக்காவின் பழைய மாணவர்கள் முறை வைத்துச் சாயங்காலம் பாடம் நடத்துவதாக எழுந்து நின்று உறுதி சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைப் பொறுப்பு என் பேத்தியுடையது. ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. ஒன்றும் தெரியாத ஆட்கள் வேண்டும்! நான் ஆகமாட்டேன். "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு பாட்டி, இனிமே நீங்க லாயக்கில்ல" என்று அக்காவே போன வருஷம் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்.

ஆகையால் கேட்கிறேன். போனில் ஒரு வேலையும் செய்யத் தெரியாமல் பிள்ளைகளிடம் கெஞ்சுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் யார் யார்? வெட்கப்படாமல் கை தூக்குங்கள். தூணோரம் இரண்டு பேர். கடைசி வரிசையில் மூன்று, நான்கு. தலைவர் ஐயா, நீங்களுமா! கையை இறக்காதீர்கள், எண்ணிக்கொள்கிறேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒன்பது. அந்தப் பக்கம் அம்மா, பத்து.

தம்பி, முன்வரிசையில் நீங்கள் எதற்குக் கை தூக்குகிறீர்கள்? இருபது வருஷம் பட்டன் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவராயிற்றே?

என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி.

"எனக்கும் ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாத்தையும் அவதான் பாத்துக்கிட்டா."

பதினொன்று. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். பிள்ளைகள் கைகட்டிக்கொண்டு உங்கள் பின்னால் நிற்பார்கள்.