கறி தின்னாத கசாப்புக்காரன்

வேணாம் தம்பி, நீ சாப்பிடு. கூச்சமெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் கறி தின்றதில்ல, அவ்வளவுதான். கோஃப்தாவும் கறிதானப்பா. அதுல மாட்டுக்கறி முக்கால், ஆட்டுக்கறி கால். கொழுப்பக் கொஞ்சம் அள்ளித்தான் போட்டிருக்கான். கடிச்சுப் பாத்துதான் சொல்லணுமா என்ன? வாடையிலயே தெரியும். நான் கசாப்புக்காரன்ல.

சிரிச்சுக்க, சிரிச்சுக்க. எங்க தந்தா ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு, நீ ஒருத்தன் பாக்கியா இருந்த. என் அப்பன் கசாப்புக்காரன், அவன் அப்பனும் கசாப்புக்காரன். பல்லு மொளைக்கிறதுக்கு முந்தியே ஈரல் சப்புன வாயி இது. நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட விட்டுட்டேன். ஏன் எதுக்குன்னு யாருக்கும் சொல்லல. சொல்லணும்னு என்ன இருக்கு? என் வாயி, என் வயிறு.

நானா? சீதி காபர் ஸ்டேஷன்ல எறங்கணும். எம்பொண்டாட்டி நஜாத் அங்க அவ தங்கச்சி வீட்டுல இருக்கா, கூட்டிட்டு வரப் போறேன். சேச்சே, கோவிச்சுக்கிட்டெல்லாம் போகல, அப்படிப் பாக்காத. இன்னைக்கு எங்கூட வந்துருவா. வரணும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், வயிறு. அதையேன் கேக்குற. காலைல ஃபூல் பயறு, மத்தியானம் பருப்பு, ராத்திரி கொண்டக்கடலை. மொத வாரம் வயித்துக்குள்ள கல்யாண ஊர்வலமே போச்சு, மேளம் என்ன, தாளம் என்ன. தலைவலி வேற. மாடிப்படி ஏறுனா முட்டி கிடுகிடுன்னு ஆடும். தூங்குனா கனவுல ஃபத்தா வருது. ரொட்டிமேல சோறு, சோத்துமேல பூண்டும் வினிகரும் தாளிச்சு ஊத்தி, மேல பெரிய பெரிய துண்டா கறி. முழிச்சுப் பாத்தா தலகாணி எச்சில்.

அதெல்லாம் கூட தாங்கிக்கலாம். தொழுகைலதான் மானம் போச்சு. கை கால் மூஞ்சி கழுவி ஒளுச் செஞ்சுட்டு வந்து முன் வரிசைல நிப்பேன். நிக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. குனிஞ்சேன்னா காத்துப் பிரிஞ்சிரும். ஒளு முறிஞ்சுபோச்சா, வரிசைய விட்டு விலகி மறுபடி குழாய்க்குப் போகணும். வருவேன், குனிவேன், மறுபடி குழாய். பின்னாடி இருக்கவன்லாம் தோள் குலுங்கக் குலுங்கத் தொழுவுறான். தொழ வைக்கிற ஷேக் மர்ஸூக் நல்ல மனுஷன்தான், காதோரமா வந்து, கடைசி வரிசைல நில்லுங்களேன், குழாய் பக்கத்துல இருக்குன்னாரு. மாட்டேன்னுட்டேன். வயிறு கொடுத்த அல்லாவுக்குத் தெரியாதா அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு? இன்னைக்கும் முன் வரிசைதான். வயிறும் இப்ப சொன்னபடி கேக்குது. சீரகத் தண்ணி குடி, பயற ராத்திரியே ஊறப்போட்டு தண்ணிய மாத்து, சரியாப் போயிரும்.

கடைல நடந்தத கேளு, அது இதவிடக் கூத்து. கசாப்புக்காரனே தன் கடைக் கறியத் திங்க மாட்டேங்குறானே, அப்ப அது என்ன கறின்னு ஒருத்தி கெளப்பி விட்டா. சாயங்காலத்துக்குள்ள கழுதக் கறின்னு தெரு முழுக்கப் பேச்சு. என் தம்பி ஷிஹாத்தா வந்து கெஞ்சுறான். கம்பில ஈரலக் குத்திச் சுட்டு எடுத்தாந்து, கடைவாசல்ல, அத்தனை பேரு பாக்க நீட்டுறான். அண்ணே, ஒரே ஒரு வாயி, உன் கால்ல விழறேன், பொழப்பு போயிரும்ங்கறான். அந்த ஈரல் வாடை இருக்கே, அல்லா மேல ஆணையா எனக்கு நாக்கு ஊறி கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஊரே என் வாயப் பாக்குது. நான் கத்திய வச்சேன், ஏப்ரனக் கழட்டி அவன் தோள்ல போட்டேன். கடைய நீ நடத்து, ஈரல நீ தின்னு, ஜனங்க உன்னப் பாத்துட்டுப் போகட்டும்னேன். தின்னான். வியாபாரம் திரும்ப வந்துருச்சு. எனக்குத்தான் பைத்தியக்காரன்னு பேரு. இருந்துட்டுப் போகுது. அதுக்கப்புறம் கடைப் பக்கம் நான் போறதே இல்ல.

டாக்டரா? எந்த டாக்டரும் விடச் சொல்லல. எனக்கு ஒரு கேடும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன்.

தமன்ஹூர் தாண்டிருச்சா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். நீ யாரோ, நான் யாரோ, எறங்குனா முடிஞ்சுது. உன்கிட்ட சொன்னா என்ன.

நஜாத்துக்கு மார்ல கட்டி வந்துச்சு. அறுத்து எடுத்தாங்க. அப்புறம் மருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க பாரு, அதுலருந்து அவளுக்கு வாடையே ஆகல. ஒருநா அவ தலகாணியத் தட்டிப் போடுறேன், அடியில அறுத்த எலுமிச்சம்பழம். நான் ரூமுக்குள்ள வரும்போதெல்லாம் அத எடுத்து மூக்குல வச்சுக்கிட்டிருந்திருக்கா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சுப் பேசியிருக்கா, பாவி மக. தேச்சுத் தேச்சுக் குளிச்சேன், தோலு உரியிற மாதிரி. அப்பவும் எலுமிச்சம்பழம் அங்கயேதான் இருந்துச்சு. மருந்துக்கடைக்காரன்தான் சொன்னான், வாடை சட்டைல இல்லப்பா, நீ தின்றது வேர்வைல வருதுன்னு. அவ தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போனா. நானும் அன்னைக்கே விட்டேன். இத ஊர்ல சொன்னா என்ன சொல்லுவான்? புருஷன் வாடை ஆகலையாம் அவளுக்குன்னு அவ தலைலதான் ஏறுவான். அதான் பைத்தியம் நானே இருந்துக்கிட்டேன். தெனம் போன்ல பேசுவோம். போன்ல வாடை வராதுல்ல.

மருந்து ஏத்தி முடிச்சாச்சு. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அவளேதான் சொன்னா. அவளுக்கு நான் விட்டது தெரியாது.

தம்பி, தப்பா நெனைக்காத, அந்தப் பொட்டலத்தக் கொஞ்சம் மடிச்சு வச்சுக்கிறியா? இது புதுச்சட்டை, ஏறிப் பிடிச்சுக்கும். நான் வேணா கதவுகிட்ட போய் நின்னுக்கிறேன், நீ நிம்மதியாத் தின்னு. அதுக்கு முன்ன ஒண்ணு, இப்படி வா. என் கழுத்துகிட்ட மோந்து பாத்துச் சொல்லு, எதாவது வருதா? மறைக்காமச் சொல்லு. தெரியலையா? ஆமா, கோஃப்தா தின்ன மூக்குக்கு என்ன தெரியும்.

சரி விடு. பைல ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு.