இருபத்து நான்காவது சான்றிதழ்

இந்த அவைக்கு அச்சாணியாக அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அளவுகோலே வந்து நின்று தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்கு நேரானவரான எங்கள் பயிற்சி நிலைய முதல்வர் அவர்களே! முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு, 'இந்தப் பொடியன் என்ன பேசிவிடப் போகிறான்' என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆலை உரிமையாளர்களே! கேட்ட ஸ்பானரைத் தவிர மற்ற எல்லா ஸ்பானரையும் எடுத்துத் தரும் எங்கள் ஸ்டோர் அண்ணன் அவர்களே! ஓராண்டாகப் பிள்ளைகளின் சட்டையில் எண்ணெய்க் கறையைத் துவைத்துத் துவைத்து, கறை போகாமல் கை தேய்ந்துபோன தாய்மார்களே! தந்தையரே! இன்று சான்றிதழ் வாங்கப் போகும் இருபத்து மூன்று பேரே! உட்கார நாற்காலி இருந்தும் உட்காராமல், வாசலோரம் தூணோடு தூணாக நிற்கும் இருபத்து நான்காமவரே! உங்கள் அத்தனை பேருக்கும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் இரும்பு வாசம் போகாத இந்தக் கைகளைக் கூப்பி வணக்கம் சொல்கிறேன்.

யாரப்பா அது பின்னால், "அவசர சார், மெதுவா" என்று குரல் கொடுப்பது? ஆமாம், என் பட்டப்பெயர் அதுதான். கணினி சொல்லும் எண்ணைக் கேட்டு உலோகத்தை அறுக்கும் சி.என்.சி. பிரிவின் பயிற்றுநர் நான். வாழ்த்திப் பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வாழ்த்துவதற்கு ஐந்து நிமிடம் அதிகம். நான் சொல்ல வந்ததற்கு ஐந்து நிமிடம் போதாது. தலைவர் பொறுத்தருள்க.

நண்பர்களே! காலையில் எங்கள் பட்டறைக்கு வந்து பாருங்கள். கரடுமுரடாக, கறுப்பாக, கட்டையாக ஓர் இரும்புத் துண்டு வரும். அது கல்லா, கட்டியா, குப்பையா என்று யாரும் கேட்கலாம். அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டிக் கதவை மூடி ஒரு பொத்தானை அழுத்துகிறோம். சுழல்கிறது, சீறுகிறது, சில்லுச் சில்லாய்ச் சிதறுகிறது. வெள்ளையாய்க் குளிர்நீர் பாய்கிறது. கதவைத் திறந்தால் கண்ணாடியாய் மின்னுகிறது ஒரு பாகம்! தலைமுடியில் பாதி தடிமன் கூட இல்லை, கால்வாசி பிசகினால் அது மறுபடியும் குப்பை. அந்தக் கால்வாசிதான் எங்கள் சோறு. அந்தக் கால்வாசிதான் எங்கள் மானம்.

இந்த இயந்திரத்துக்கு இரக்கம் தெரியுமா? தெரியாது. 'பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ' என்று யோசிக்குமா? யோசிக்காது. அதற்குத் தெரிந்தது எண். பதினெட்டு என்றால் பதினெட்டு. பொய்யான எண்ணைக் கொடுத்தால் அந்தப் பொய்யையும் மைக்ரான் சுத்தமாக நிறைவேற்றும். மனிதர்களிடம் பொய் சொல்லிப் பிழைக்கலாம். மில்லிங் மெஷினிடம் சொல்லிப் பிழைத்தவர் எவருமில்லை!

கைதட்ட வேண்டாம். இனிமேல்தான் விஷயம்.

எங்கள் பட்டறை வாசலில் ஒரு உடைந்த பல்சக்கரம் கம்பியில் தொங்குகிறது. யார் தவறு செய்தாலும், சின்னதோ பெரிதோ, அவரே போய் ஸ்பானரால் அதைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லா இயந்திரமும் நிற்கும். தட்டியவர் நடுவில் வந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும், நாளைக்கு என்ன செய்வேன். திட்டு கிடையாது. சிரிப்பும் கிடையாது. இன்னொன்று: தட்டியவர் தன் தவறை மட்டும்தான் சொல்லலாம். அடுத்தவர் பேரை அங்கே உச்சரிக்கக் கூடாது. இந்த ஓராண்டில் அந்தச் சக்கரம் நூற்றுப்பதினாறு முறை ஒலித்தது. அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் பத்து விரலும் இருக்கிறது. வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த இருபத்து நான்காமவருக்கு வருகிறேன்.

போன வருடச் சேர்க்கை. தேர்வுக் குழுவின் முன்னால் நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் வந்து நிற்கிறார். ஆயத்த ஆடை ஆலையில் இருபது வருடம் தையல். ஆலையை மூடிவிட்டார்கள். குழுவில் ஒருவர் கேட்டார்: "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இரும்பு வேலை?"

அவர் சொன்னார்: "இருபது வருஷமா மெஷின் முன்னாடி உக்காந்தே இருந்துட்டேன் சார். இனிமே கொஞ்சம் நின்னு பாக்கலாம்னு."

 கேட்டவர் நான்தான். எனக்கு வயது இருபத்தேழு. வாய்க்கு வயது இன்னும் குறைவு.

விடாமல் அடுத்ததைக் கேட்டேன். "தையல் மெஷின்ல ஊசி மாத்தினா என்ன பண்ணுவீங்க?"

"மொதல்ல கையால சக்கரத்த ஒரு சுத்து சுத்திப் பாப்போம் சார். ஊசி எங்கயும் இடிக்கலன்னு தெரிஞ்சப்புறம்தான் பெடல மிதிப்போம்."

எங்கள் பாடத்திட்டத்தில் நாற்பது பக்கம் அதைத்தான் சொல்கிறது. அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சேர்த்துக்கொண்டோம். பயல்கள் அன்றைக்கே 'டெய்லர் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கில் கோணம் வந்தபோது அக்கா திணறினார். பத்தாவது படிக்கும் மகளும் அம்மாவும் ஒரே மேசையில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். "அம்மா, நீ போட்டது தப்பு" என்று மகள் சொல்ல, "உங்க வாத்தியார் போட்ட கணக்கு தாள்ல இருக்கும்டி, எங்க கணக்கு இரும்புல இருக்கும், இரு, மறுபடி பாக்கிறேன்" என்று அம்மா சொல்ல, ஆறாவது மாதத்தில் வகுப்பிலேயே சுத்தமாக அளப்பவர் அவர்தான். மகள் அதோ, ஜன்னல் பக்கம். தலையைக் குனியாதே பாப்பா, நிமிர்ந்து உட்கார்.

முன்வரிசையில் மூன்றாவதாக அமர்ந்திருக்கும் ஐயாவின் ஆலையில் வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் வேலைக்குச் சேர வேண்டும், சான்றிதழோடு. அவரே வந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல். அதில் முதல் பெயர் டெய்லர் அக்காவுடையது. ஆனால் இந்த மேசையில் இருப்பது இருபத்து மூன்று சான்றிதழ். ஏன்?

சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு, காலை பத்தே முக்கால். பெரிய மில்லிங் மெஷினில் அக்கா இரண்டு பாகம் முடித்துவிட்டார். இரண்டும் தங்கம். டீக்குப் போனார். திரும்பி வந்து மூன்றாவது துண்டை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். இரும்பை அறுக்கும் நான்காம் நம்பர் டூல் இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முழு வேகத்தில் போய் வைஸின் மேலேயே குத்தியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? கட்டிடமே பல்லைக் கடித்தது போல இருந்தது. டூல் முறிந்தது, அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் போனது. அடுத்த சத்தம் பல்சக்கரம். அக்கா தட்டிவிட்டார்.

நடுவில் வந்து நின்று சொன்னார்: "டீக்குப் போய்ட்டு வந்தா முதல் தடவ மெதுவா ஓட்டிப் பாக்கணும், விரல ஸ்டாப் பட்டன் மேலயே வெக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் ஓட்டிப் பாக்கல. நாளைலேர்ந்து பாப்பேன்."

அவ்வளவுதான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பயிற்சி நிலையத்தின் விதிப் புத்தகத்தில் பதினோராவது விதி: இயந்திரத்துக்குப் பெருஞ்சேதம் விளைவித்தவருக்குச் சான்றிதழ் இல்லை. முதல்வர் விதிப்படி நடந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

தலைவர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறது. ஐயா, வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் சுருக்கித்தான் இந்த நிலைக்கு வந்து நிற்கிறேன். இன்று ஒரு நாள் முழுதாகச் சொல்ல விடுங்கள்.

நேற்று அக்கா பட்டறையில் போடும் கோட்டைத் துவைத்து, மடித்து, தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். மைக்ரோமீட்டரையும் கொடுத்தார். நான் கேட்டேன்: "ரெண்டு பாகம் நல்லா வந்துச்சேக்கா. மூணாவது மட்டும் எப்படி இடிச்சதுன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

அவர் சொன்னார்: "உடைஞ்ச டூலப் பாத்தேன் சார். தங்க நிறத்துல பளபளன்னு புதுசா இருந்துச்சு. நான் ஓட்டினது தேஞ்சுபோன பழசு."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சக்கரத்தத் தட்டினவங்க அவங்கவங்க தப்பத்தான சார் சொல்லணும்? அது கோள்மூட்டுற மணி இல்லையே."  பிறகு, "ஊசிய மாத்தினவங்க சொல்லியிருந்தா கையால ஒரு சுத்து சுத்திப் பாத்திருப்பேன்," என்றார். "மாத்தினவங்க வந்து தட்டுவாங்க தட்டுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சரி, வரேன் சார்."

அந்த "சரி, வரேன் சார்" இருக்கிறதே, அய்யா, பேரிங் உடைந்த சத்தம் அதன் பக்கத்தில் வெறும் கொசு!

பெரியோர்களே! தாய்மார்களே! இதோ என் பையில் இருப்பது அந்த முறிந்த டூல். இந்த மேசை மேல் வைக்கிறேன். அன்று நான் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டதும் இதுதான். மூன்று வாரம் என் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்ததும் இதுதான். இந்தத் துணியை அவிழ்க்கிறேன். ஆமாம், அதே பல்சக்கரம். காலையில் நான்தான் கழற்றிக்கொண்டு வந்தேன். ஸ்டோர் அண்ணே, அந்த முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இன்னும் மேலே. ஸ்பானர்? அடடா, இன்றைக்காவது கேட்ட ஸ்பானரையே கொடுத்துவிட்டீர்களே!

(தட்டுகிறேன். கேட்டதா? கடைசி வரிசைக்குக் கேட்டதா? இன்னொரு முறை.)

நூற்றுப் பதினேழு!

என்ன செய்தேன்? எல்லாரும் டீக்குப் போன நேரத்தில் நான்காம் நம்பர் டூலின் முனை தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். புதியதை மாட்டினேன். பழையதைவிட இது பதினெட்டு மில்லிமீட்டர் நீளம். என்ன செய்திருக்க வேண்டும்? நீளத்தை அளந்து, இயந்திரத்தின் நினைவில் அந்த எண்ணை ஏற்றி, பலகையில் 'டூல் மாறியிருக்கிறது' என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்றரை நிமிட வேலை. ஸ்டோரில் சரக்கு வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். 'வந்து அளந்துகொள்ளலாம்' என்று ஓடினேன். இயந்திரம் பழைய நீளத்தையே நம்பியது. அக்கா இயந்திரத்தை நம்பினார். இருவரும் என்னை நம்பினார்கள்.

அது தவறு. ஆனால், நண்பர்களே, தவறு ஒன்றரை நிமிடம்தான். அதற்குப் பிறகு நான் செய்தது மூன்று வாரக் குற்றம். மற்றவர்களுக்குச் சக்கரத்தைக் காட்டினேன். என் கை மட்டும் அதற்கு எட்டவில்லை. பயிற்றுநர் தட்டினால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். போகட்டுமே! மரியாதையை உருக்கி வார்த்தால் ஒரு நட்டாவது தேறுமா?

ஆலை உரிமையாளர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. இயந்திரம் இடித்தால் ஓடி ஒளிகிற ஆள் வேண்டுமா, ஓடி வந்து தட்டுகிற ஆள் வேண்டுமா? தட்டியவருக்குத் தண்டனை, ஒளித்தவருக்கு மேடை, மாலை, ஒலிபெருக்கி என்றால் நாளைக்கு எவன் தட்டுவான்? எவள் தட்டுவாள்? ஒலிக்காத சக்கரம் ஒருநாள் ஒருவர் விரலைக் கேட்கும். கேட்டால் கொடுப்பீர்களா? இருபத்து நான்கு பேரில் உண்மையான தேர்வை எழுதியவர் ஒருவர்தான். இரும்பு அறுக்க நான் கற்றுக்கொடுக்கலாம். இடித்த பிறகு நடுவில் வந்து நிற்க, அவர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

முதல்வர் அவர்களே! பதினோராவது விதி நல்ல விதி. அதை அழிக்க நான் கேட்கவில்லை. ஆளை மாற்றி எழுதுங்கள் என்கிறேன். சேதப் பதிவேட்டில் அக்கா பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை எழுதுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்க்காதது அவர் பங்கு. அதை அவர் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டார். மீதி முழுவதும் என்னுடையது. என்ன நடவடிக்கையோ, எடுங்கள். ஓட மாட்டேன், அவசரப்படவும் மாட்டேன்.

என்னக்கா? தூணை விட்டு முன்னால் வந்து சத்தமாகச் சொல்லுங்கள். "போதும் சார், எறங்குங்க"வா? இறங்குகிறேன், ஒரு வேலை பாக்கி.

முன்வரிசை ஐயா எழுந்துவிட்டார். என்ன சொல்கிறீர்கள் ஐயா? மைக்கில் சொல்கிறேன்: "திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்தம்மா வரணும், அந்தப் பல்சக்கரம் மாதிரி எங்க ஆலைக்கும் ஒண்ணு வேணும்" என்கிறார். இப்போது தட்டுங்கள் கையை!

முதல்வர் உறையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். ஓகோ! அச்சடித்த சான்றிதழ்! பெயரும் இருக்கிறது, கையெழுத்து மட்டும் இல்லை. அப்படியானால் நீங்களும் யாராவது தட்டுவார்கள் என்றுதான் காத்திருந்தீர்களா, ஐயா?

பேனா தேடுகிறார். இதோ என்னுடையது. மை இருக்கிறதா என்று முதலில் ஒரு ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுமையில்லாமல் கேட்ட என் மாணவர்களுக்கும், மூன்று வாரம் பொறுத்திருந்த ஒருவருக்கும் நன்றி. உங்கள் கைகள் பத்து விரலோடு நீடு வாழ்க. வணக்கம். அக்கா, மேடைக்கு வாங்க. படி கொஞ்சம் உயரம், பாத்து.