நீர்நாய்க்கு நிறம் கொடுத்தவள்

நீச்சல் குளத்து வாசல் படத்தில் நிற்கும் நீர்நாய்க்கு முதலில் தொப்பி இருக்கவில்லை. தொப்பி என்னுடைய யோசனை. இந்த ஹம் நகரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நீர்நாயைத் தெரியும். கீழே வரைந்தவர் பெயர் ஹிசானோ என்று எழுதியிருக்கும்.

எனக்கு ஜெர்மன் தெரியும். ஆனாலும் இதைத் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்ல வரும். மொழிபெயர்க்கப் பொலிஸ் நிலையத்துக்கு வந்த உமாபதி அண்ணையிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்: "நான் சொல்லுறதை அப்படியே இவருக்குச் சொல்லுங்கோ அண்ணை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஹிசானோ ஜெர்மன்காரரைக் கல்யாணம் செய்து ஒசாகாவிலிருந்து வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். பேக்கரிக்கு ஒரு குருவி, பல் வைத்தியருக்கு ஒரு முதலை என்று கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சின்ன அடையாள உருவங்கள் வரைவதுதான் தொழில். 2003இல் நான் அவர் வீட்டைத் துப்புரவு செய்யப் போனேன். அதற்கு முன் பதினாறு வருடம் தொழிற்சாலையில் இறைச்சி பொதி செய்தவள். ஒருநாள் தூரிகையை என்னிடம் தந்து முதலையின் வயிற்றுக்கு நிறம் பூசச் சொன்னார். "உன் கை நடுங்குவதில்லை, பற்றிமா," என்றார். அதுவரை என் கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

2005இல் ஒசாகாவிலிருந்து கடிதம் வந்தது. பெரிய பொம்மைக் கம்பனி. அவர் இருபது வருடமாகக் காத்திருந்த வேலை. வசந்தத்தில் போகிறேன் என்றார். எனக்கு ஒரு பெட்டி நிறங்களைத் தந்துவிட்டுப் போவாராம்.

அந்த மாதம்தான் பார்வையின் ஓரங்கள் மங்குகின்றன என்றார். கண் வைத்தியரிடம் நான் கூட்டிப்போனேன். ஹிசானோவுக்கு வீட்டு ஜெர்மன் மட்டுமே தெரியும். யாராவது வேகமாகப் பேசினால் என் முகத்தைப் பார்ப்பார். நான் சின்னச் சொற்களாக்கிச் சொல்வேன். வைத்தியர் சொன்னது இது: கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, தினமும் சொட்டு மருந்து விட்டால் தொடர்ந்து வரையலாம், விடாவிட்டால் பார்வை போகும், போனது திரும்பாது.

நான் சொன்னது: "களைப்புத்தான். ஓய்வு வேண்டும். விமானத்தில் ஏறக்கூடாது."

ஒசாகாவுக்கு மறுப்புக் கடிதத்தை அவரே எழுதினார். நான் தபாலில் போட்டேன். மருந்துச் சீட்டைக் கைப்பையில் பத்திரமாக வைத்தேன். காலையும் மாலையும் தவறாமல் அவர் கண்ணில் சொட்டு விட்டேன். வறண்ட கண்ணுக்கு யாரும் வாங்கக்கூடிய சாதாரண மருந்து. குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். வைத்தியர் குறித்துத் தந்த அடுத்தடுத்த டெர்மின் நாள்களைத் தொலைபேசியில் நானே ரத்துச் செய்தேன்.

இரண்டாம் வருடம் அவர் தடித்த பேனாவுக்கு மாறினார். பிறகு மூக்குத் தாளில் முட்டத் தொடங்கியது. ஒருநாள் நாற்பது தாளில் ஒரே முயலை வரைந்திருந்தார். எதிலும் கண்கள் முகத்துக்குள் விழவில்லை. வேறு வைத்தியரிடம் கூட்டிப்போ என்று தரையில் நெற்றி முட்டக் குனிந்து கெஞ்சினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுப்பித் தேநீர் கொடுத்தேன். இனி எந்த வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடியாதாம் என்றேன். அப்போது அது பொய். அடுத்த வருடம் உண்மையாகிவிட்டது.

பிறகு அவர் சொல்வார், நான் வரைவேன். அவர் பெயரையே எழுதினேன். அவருடைய பெயர் கெடவில்லை.

என் தங்கச்சி இமெல்டா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். மருந்துப் பெயர்கள் தெரியும். போன வாரம் என் கைப்பையில் சில்லறை தேடியபோது சீட்டு அகப்பட்டது.

"அக்கா, இது ஆருக்கு எழுதின மருந்து?"

"ஹிசானோவுக்கு."

"வாங்கிக் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அவ குருடாப் போவா எண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம். நான் பக்கத்திலை இருக்கிறன்தானே."

அவள் அன்றே உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஹிசானோவின் இரண்டு கண்களையும் போக்கியது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை என்கிறீர்கள். அப்படியானால் என்னை ஒரு தடவை கூட்டிப்போங்கள். அவருக்கு விளங்குகிற மாதிரி நானே பதமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தவிர வேறு யாரையும் அவர் நம்புவதில்லை.