தன்பாட்டில் சுற்றும் சில்லு

— கையை எடுங்கோ. கையை எடுத்திட்டுச் சொல்லுங்கோ, தானாய்ச் சுத்துது எண்டு.

— கை சும்மா முட்டிக்கொண்டுதான் இருக்குது, கமலா. கவனியும். வீட்டுக் கரண்டைக் கழட்டியாச்சு. இப்ப மோட்டர் சில்லைச் சுத்துது. சில்லு டைனமோவைச் சுத்துது. டைனமோ தாற கரண்ட் திரும்பி மோட்டருக்கே போகுது. இனி இது தன்ரை பாட்டில சுத்திக்கொண்டே இருக்கும். விளங்குதோ?

— விளங்குது. நிண்டிட்டுது.

— பொறும், பொறும். பெல்ட் இளகிப்போச்சு.

— போன கிழமை பெயாரிங். அதுக்கு முதல் காந்தம். இண்டைக்குப் பெல்ட். ஐயோ அம்மாளாச்சி! பரமலிங்கம் மாஸ்டர் எண்டா இந்தத் தர்மபுரத்தில எழும்பி நிண்ட சனம், இப்ப என்ன சொல்லுது தெரியுமோ?

— என்னவாம்?

— மாஸ்டருக்கு நட்டுக் கழண்டிட்டுதாம். சங்கக்கடையில எனக்குக் கேட்கத்தக்கதாய்த்தான் கதைக்கினம்.

— கதைக்கட்டும். அந்த ரஷ்யாக்காரன் யூடியூப்பில இப்பிடிச் சில்லால பல்ப் எரிச்சுக் காட்டினதை நீரும் பாத்தனீர்தானே?

— அவன்ர மேசைக்குக் கீழ பற்றரி இருந்திருக்கும்.

— மேசைக்குக் கீழயும் கமராவைப் பிடிச்சுக் காட்டினவன்.

— அப்ப கமராக்காரன்ர சாரத்துக்குள்ள இருந்திருக்கும்.

— சிரிக்காதையும். ரஷ்யாவில எங்கையப்பா சாரம்?

— நீங்களும் சிரிக்கிறியள்தானே! எனக்கு உங்கட விஞ்ஞானம் தெரியாது. ஒரு சுண்டு அரிசியை அவிச்சுத் திண்டுபோட்டு, அதே சோத்தை நாளைக்கும் உலையில போடலாமோ? நீங்கள் செய்யிறது அதுதான்.

— வடிவாய்ச் சொல்லுறீர்.

— நீங்கள் சொன்னதைத்தானே சொல்லுறன். சண்டைக்காலத்தில கரண்ட் இல்லாம, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, மிதிகட்டையைச் சுத்தி, டைனமோவில ரேடியோக் கேட்டனாங்கள் எல்லே? அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்? 'பிள்ளை மத்தியானம் திண்ட சோறுதான் இப்ப செய்தி வாசிக்குது' எண்டு.

— அதை இன்னும் ஞாபகம் வைச்சிருக்கிறீர்.

— சுத்தினது எங்கட அனோஜன் எல்லே. எனக்கு மறக்குமோ? கை நோகுதோ தம்பி எண்டு கேட்டா, 'பேசாம இருங்கோ அம்மா, செய்தி போகுது' எண்டுவான்.

— ம்... அந்த நட்டுச் சாவியை ஒருக்கால் எடுத்துத் தாரும். பன்னிரண்டாம் நம்பர்.

— இந்தாங்கோ. காலமை யதுர்ஷிகா கனடாவில இருந்து கோல் எடுத்தவள்.

— என்னோடையும் கதைச்சவள்.

— கனடாவுக்குப் பேப்பர் எல்லாம் சரியாம். ரெண்டுபேரும் வாங்கோ எண்டு அழுகிறாள். பெத்து வளத்த பிள்ளை அழுதுகொண்டு கேட்கேக்க, தகப்பன் சொல்லுற பதிலே அது?

— என்ன சொன்னனான்? இந்தச் சில்லு தன்ரை பாட்டில ஓடுற அண்டைக்கு வாறம் எண்டனான்.

— வாய் கூசேல்லையே உங்களுக்கு? அவள் என்னட்டை மெல்லமாய்க் கேட்கிறாள், 'அம்மா, அப்பாவை ஒரு டொக்டரிட்டைக் காட்டினீங்களோ' எண்டு.

— நீர் என்ன சொன்னனீர்?

— 'ஓம் பிள்ளை, கொப்பருக்கு இப்ப கொஞ்சம் அப்பிடித்தான், நான் என்ன செய்ய' எண்டனான்.

— நல்லதாய்ப் போச்சு.

— இதில என்ன நல்லது கிடக்கு?

— ஒண்டுமில்லை. அப்பிடியெண்டா நீர் முதல் போமன். நான் இதை ஓட்டிப்போட்டுப் பின்னால வாறன்.

— நானோ? மாடு எல்லே கண்டு போடப்போகுது.

— மாட்டைப் பக்கத்து வளவுச் செல்வராசா பார்ப்பான்.

— வற்றாப்பளைக் கோயில் பொங்கலும் வருது. அம்மாளுக்கு ஒரு நேத்தி கிடக்கு.

— பொங்கல் முடிய?

— முடிய, மழைக்கு முதல் கூரை வேலை கிடக்கு. ஓடு மாத்தாட்டில் தம்பியின்ர அறை நனைஞ்சுபோம்.

— ஓடு மாத்தி முடிய?

— என்ன நீங்கள், சும்மா முடிய முடிய எண்டுகொண்டு! உங்களை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது? ஆர் சமைச்சுத் தாறது? உங்களாலதான் நான் இஞ்ச கிடக்கிறன். ஒரு பேரனைத் தூக்கி வைச்சிருக்கக் குடுத்து வைக்கேல்ல.

— ஓம். என்னாலதான்.

— ஏன் டக்கெண்டு ஒத்துக்கொள்ளுறியள்? எப்பவும் சண்டைக்கெல்லே வருவியள். இஞ்ச திரும்புங்கோ. என்ர முகத்தைப் பாருங்கோ.

— பாக்கிறன். சொல்லும்.

— நீங்கள் வயசெல்லாம் விஞ்ஞானம் படிப்பிச்ச மனிசன். சக்தியை ஆக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது எண்டு இந்த விறாந்தையில வைச்சு எத்தினை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள். குசினிக்குள்ள நிண்டு கேட்டுக் கேட்டு எனக்கே பாடம். உண்மையைச் சொல்லுங்கோ. இது ஒருநாளைக்காவது ஓடுமோ?

— ஓடாது.

— என்ன?

— ஓடவே ஓடாது, கமலா. எனக்கும் ஓடாது, அந்த ரஷ்யாக்காரனுக்கும் ஓடாது.

— அப்ப ஏன் இந்தப் பாடு? கையெல்லாம் கிறீஸ், ஊரெல்லாம் சிரிப்பு. ஓடாது எண்டு தெரிஞ்சுகொண்டே, ஓடினா வாறம் எண்டு பிள்ளைக்கு ஏன் சொன்னனீங்கள்?

— படலைக்குப் பூட்டுப் போட நீர் இண்டைவரைக்கும் விட்டதில்லை. நாய் குலைச்சா என்ன வேலையெண்டாலும் போட்டிட்டு முத்தத்துக்கு ஓடுறீர். கடைசி இடப்பெயர்வில சனத்துக்குள்ள கைதவறின அனோஜன், வந்தா இந்த வளவைத் தேடித்தான் வருவான் எண்டு இருக்கிறீர். இருமன், ஆர் வேண்டாமெண்டது? ஆனா, 'அம்மா அண்ணையை விட்டிட்டு உன்னட்டை வரமாட்டா' எண்டு நான் எப்பிடி அவளுக்குச் சொல்லுறது? தனக்கு அம்மாவே இல்லை எண்டெல்லே அந்தப் பிள்ளை நினைக்கும். அதைவிட, அப்பாவுக்கு விசர் எண்டே அவள் நினைக்கட்டும்.