தொட்டியில் பதினெட்டு ஆப்பிள்

இந்தக் காகிதக் கோப்பையில் நீங்கள் கொடுத்ததற்குப் பூசணிக் காப்பி என்று பெயராம். பூசணி இதன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை சார்ஜென்ட். அக்டோபர் பிறந்துவிட்டால் இந்த ஊரில் பற்பசையில்கூடப் பூசணி மசாலாவைக் கலந்துவிடுகிறார்கள். இந்தப் போலீஸ் நிலையத்துக்கு அழைக்காமல் நீங்கள் என் வீட்டுக்கு வந்திருந்தால் சூடாகச் சைடர் கொடுத்திருப்பேன். புதிதாகப் பிழிந்த ஆப்பிள் சாறு, முழுப் பட்டை, ஆறு கிராம்பு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், சிறு தீயில் இரண்டு மணி நேரம். அவசரப்பட்டால் கசந்துவிடும். நான் எதிலும் அவசரப்படுவதில்லை.

பெயர் வினிஃப்ரெட் ஸ்டிரவுட், வயது அறுபத்தெட்டு. ஹார்லோ மில்ஸ் ஊரின் ஹாலோவீன் வாசல் அலங்காரப் போட்டியில் பத்தொன்பது முறை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியிருக்கிறேன். ரிப்பனுக்காக நான் எதையும் செய்ததில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். செய்ததெல்லாம் மரபுக்காக. சுருக்கங்கள் கொண்ட மெல்லிய ஆரஞ்சு நிறக் க்ரேப் காகிதத் தோரணம், காகிதக்கூழில் செய்த கருப்புப் பூனை விளக்கு, கண்ணும் வாயும் செதுக்கி உள்ளே மெழுகுவர்த்தி எரியும் பூசணிகள், தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வும் விளையாட்டு. நூறு வருடங்களுக்கு முன் இந்தத் தெருவில் எப்படி நடந்ததோ, அப்படியே.

மூன்று வருடங்களுக்கு முன் எதிர்வீட்டுக்கு டார்லா விக்ஸும் அவள் கணவன் கென்னும் குடிவந்தார்கள். ஃப்ளோரிடாக்காரர்கள். வந்த முதல் அக்டோபரிலேயே புல்வெளியில் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் காற்றடைத்த எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தினாள். அதற்கு ஒரு மோட்டார், ஊதா விளக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரிப்பு வேறு. தொடர்ந்து மூன்று வருடம் நீல ரிப்பன் அந்த எலும்புக்கூட்டுக்குப் போயிற்று. நடுவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கண் இருந்ததா என்பதில்தான் சந்தேகம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது, இந்தச் செப்டம்பரில் அவள் திருந்தியதைத்தான்.

ஒருநாள் சாயங்காலம் ஆப்பிள் கேக்கோடு வந்தாள். என்னை வின்னி என்று கூப்பிடுவாள். என் கணவர்கூட அப்படிக் கூப்பிடத் துணிந்ததில்லை.

"வின்னி, உங்க வாசலப் பாத்துட்டு என் வீட்டப் பாத்தா எனக்கே வெறுப்பா இருக்கு. அந்த எலும்புக்கூட்ட தூக்கிப் போடப்போறேன். மோட்டார் சத்தத்துல என் மாமியா பேசுறது கேக்கல, அது ஒண்ணுதான் அதுல லாபம். பழைய முறைய எனக்கும் சொல்லிக்குடுங்களேன்" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். எனக்கு நல்ல மனசு. அடுத்த வாரமே ஏதோ பண்ணைவீட்டு ஏலத்தில் ஒரு பூனை விளக்கு வாங்கி வந்தாள். அசல், நூறு வயது, காதோரம் புகைக்கறையோடு. என் பூனையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என்னுடையது எண்பத்தேழாம் வருடம் நானே செய்த நகல். இத்தனை வருடமாக ஊரில் ஒருவருக்கும் தெரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. முகத்தில் கண்டேன்.

"உங்களுதும் அழகாத்தான் இருக்கு வின்னி" என்று சொல்லி, தன்னுடையதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கேலி செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அவளுக்குச் சூனியக்காரி அங்கி நான்தான் தைத்தேன். என்னிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்காம் வருடத்துக் கையேடு ஒன்று இருக்கிறது, க்ரேப் காகிதத்தில் உடை தைக்கும் முறைகள். அதில் பாவாடைக்கு மூன்று அடுக்கு என்று இருக்கும். நான் ஏழு வைத்தேன். கைகளுக்கு முழ நீளக் குஞ்சங்கள். தாராளமாகவே செய்தேன்.

போட்டுப் பார்த்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "கென், இங்க பாரேன், பழைய ஹாலோவீன் போஸ்ட் கார்டு படத்துலேர்ந்து எறங்கி வந்த மாதிரி இல்ல?"

"ஏரோப்ளேன்ல சீட்டு ரெண்டு வாங்கணும் உனக்கு" என்றான் கென். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்து, "இது தீப்புடிக்காதுல்ல வின்னி?" என்று கேட்டாள்.

"நூறு வருஷமா பொம்பளைங்க போட்டுக்கிட்டதுதானேம்மா. யாரு செத்தா?" என்றேன்.

சிலர் செத்திருக்கிறார்கள். அவள் பொதுவாகக் கேட்டாள், நானும் பொதுவாகப் பதில் சொன்னேன்.

பூசணிக்குள் பேட்டரி விளக்கு வைப்பது அசிங்கம் என்று அவளிடம் சொன்னது நான்தான். நடுவர்கள் பார்க்கும்படி அங்கியோடு குனிந்து அவளே மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும் என்று சொன்னதும், குட்டைத் தீக்குச்சிப் பெட்டியைக் கொடுத்ததும் நான்தான். நேரம் குறித்தது மட்டும் என் பெருமைக்காகச் சொல்கிறேன். ஹாலோவீன் அன்று வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகள் சாயங்காலம் ஆறரைக்குத்தான் தெருவில் இறங்குவார்கள். அதனால் ஆறு மணி என்று குறித்தேன். குழந்தைகள் பார்க்கக்கூடிய காட்சியா அது?

படிகளில் எட்டுப் பூசணி. ஐந்துவரை அழகாக ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் எதிரே என் வாசலில் நின்று சைடர் கரண்டியை அசைத்தேன். ஆறாவதற்குக் குனிந்தபோது வலது கைக் குஞ்சம் ஐந்தாவதன் வாய்க்குள் போயிற்று.

கென் அவளைப் புல்லில் புரட்டிவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடிவந்தான். "தண்ணி, தண்ணி குடுங்க. அந்தத் தொட்டியக் குடுங்க வின்னி."

"இரு கென், ஆப்பிள எடுத்துக்கிறேன்" என்றேன்.

பதினெட்டு ஆப்பிள். துடைத்துத் துடைத்துக் கூடையில் வைத்தேன். நாலாவதிலேயே அவன் என்னைத் தள்ளிவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மற்றவை புழுதியில் உருண்டன. நான் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இந்த வயதில் அவ்வளவுதான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போய்விட்டதாக மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். அழத்தான் செய்தேன். தெருவில் மரபு தெரிந்த இன்னொருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள்.

ஆமாம், நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது அந்தக் கையேட்டின் முதல் பக்கம்தான். "இவ்வுடை அணிந்தவர் நெருப்பின் அருகே செல்லக் கூடாது." தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவளுக்குக் கையேட்டை இரவல் கொடுக்கும் முன் பிளேடால் வெட்டித் தையல் பெட்டியில் வைத்தேன். கொளுத்தியிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்காது, தெரியும். பழைய காகிதத்தைக் கொளுத்த எனக்கு மனசு வராது.

இது என்ன? போட்டிப் பதிவுத் தாளா? கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

டார்லா விக்ஸ். பெயரைக் கோடு போட்டு அடித்திருக்கிறது. பக்கத்தில் அவள் கையெழுத்து. "இந்த வருஷம் நான் போட்டியில் இல்லை. வின்னியிடம் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். பரிசு அவருக்குப் போவதுதான் நியாயம். இதை அவரிடம் சொல்லவேண்டாம்." தேதி அக்டோபர் மூன்று.

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் அங்கிக்குக் காகிதம் வெட்ட ஆரம்பித்தது ஒன்பதாம் தேதி.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இந்தக் காப்பி வேண்டாம்.

சார்ஜென்ட், நடுவர்கள் அன்றைக்கு என் வாசலுக்கு வரவேயில்லை. என் பூசணிகள் இன்னும் வாடவில்லை. நாளைக்குள் யாராவது போய்ப் பார்த்துவிட்டால், ரிப்பனை இந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்ல முடியுமா?