பூஜையில் வைத்த ஐந்து ஃபிளாப்பிகள்

பழைய டாஸ் கம்ப்யூட்டரில், புரோகிராம் எழுத உதவும் புதிய கம்பைலரை ஏற்றுவது பெரிய வித்தையொன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும். எனக்கு அது உண்டு. வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஒன்பது வருடத்தில் யாரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை.

வேணி என்னிடமே படித்து, என்னிடமே வேலைக்குச் சேர்ந்த பெண். இரண்டு வருடம் உட்கார்ந்து, திரையில் தமிழில் கடிதம் எழுத ஒரு புரோகிராம் செய்திருந்தாள். தொண்ணூற்றிரண்டில், அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி பெங்களூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. அவள் அப்பா சங்கரசுப்பிரமணியன் என்னிடம் சொன்னார்: "வேலை கெடச்சா போகட்டும் வே. இல்லன்னா வள்ளியூர் மாப்பிள்ளைக்கே முடிச்சிருதேன். அங்கன பொம்பளைய வேலைக்கு விடமாட்டாவ."

எனக்கும் ஒரு காலத்தில் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் அழுதார்கள், நான் போகவில்லை. அதை யாரும் இப்போது நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

சரஸ்வதி பூஜையன்று வேணி தன் புரோகிராமை ஐந்து ஃபிளாப்பிகளில் பிரதி எடுத்தாள். காகித உறைமேல் சந்தனப் பொட்டு வைத்து, படத்துக்கு முன்னால் அடுக்கினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள்.

விஜயதசமி, புதிது தொடங்க நல்ல நாள். அவள் வருமுன் புதிய கம்பைலரை ஏற்றினேன். பழையதை அழித்தேன், அவள் புரோகிராமையும் அழித்தேன். வந்ததும், டிஸ்கில் இடம் போதவில்லை என்றேன். அவள் என்னைத் தேற்றினாள்.

"அதுக்கென்ன சார், பூசையில வச்சது இருக்குல்லா. வெசனப்படாதிய."

முதல் ஃபிளாப்பியைப் போட்டாள். டிரைவ் கரகரவென்று இழுத்து நின்றது. ஐந்தும் அப்படித்தான். எடுத்துப் பார்த்தால், உள்ளே கறுப்புத் தகட்டில் சந்தனம் காய்ந்திருந்தது. ஈரம் உறையைத் தாண்டி இறங்கிவிட்டதென்று நினைத்தாள்.

"நாந்தான சார் பொட்டு வச்சேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அது நடிப்பில்லை.

தை மாதம் வள்ளியூரில் கல்யாணம். போயிருந்தேன்.

போன மாதம் அவள் அப்பாவைப் பார்த்தேன். "ஆறு வருசமாச்சு வே. எங்கையாலயே கெடுத்துக்கிட்டேன்னு இன்னமும் சொல்லுதா" என்றார்.

அவள் வைத்த பொட்டு உறையைத் தாண்டவில்லை. பூஜையன்று ராத்திரி எல்லோரும் போனபின், ஒவ்வொரு ஃபிளாப்பியாக உருவி, தகட்டில் விரலால் சந்தனம் தடவியது நான். டிஸ்கில் ஏழு எம்பி காலியாகவே இருந்தது. இதை அவளிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் பாவம், அவள் மனசு தாங்காது.