பூசையில் இருந்த ஸ்பேனர்

— அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுக்கா! "பயிற்சி விமானியின் கவனக்குறைவு"ன்னு அவரே எழுதி, அடியில என் பேரையும் போட்டு, கையெழுத்து மட்டும் வாங்கியான்னு உன்னை அனுப்பியிருக்காரு. இன்னா தைரியம் பிளேன் ஸ்கூலு நடத்தற அந்தப் பாண்டுரங்கனுக்கு!

— கத்தாத அனு. பக்கத்து பெட்டுல பேஷன்ட் தூங்குது. தோள்பட்டை ஒடஞ்சவ இப்படி எகிறலாமா?

— தோள்பட்டைதான் ஒடஞ்சுது, வாய் நல்லாதான் இருக்குது. நேத்து டிவியில பேட்டி குடுக்கறாரு, "பொண்ணு பதட்டத்துல லீவரை மாத்தி இழுத்துடுச்சு"ன்னு. பாத்தியா இல்லியா?

— பாத்தேன்.

— எங்க நைனா தொண்டூர் பஸ்சு ஓட்டறாரு. அவரு காதுல விழட்டும்னே ஒருத்தன் படிக்கட்டுல நின்னுக்கினு சொல்றான், "பொட்டப்புள்ளைக்கி எதுக்குடா பிளேனு? தனகோட்டி மல்லாட்டக் கொல்லைய உழறதுக்கா?"ன்னு. பஸ்சே சிரிச்சுதாம். இருவத்தஞ்சு வருசம் வண்டி ஓட்டின மனுசன், இன்னிக்கி டூட்டிக்கே போவல.

— உங்க நைனா ஜெயராமண்ணனா போவல?

— ஆமா. நடந்தது இன்னான்னு யாராவது கேட்டாங்களா? செஞ்சிக் கோட்டை வரைக்கும் தங்கமா வந்துச்சு. திடீர்னு இன்ஜின் வேகம் எறங்குது. லீவரை முன்னாடி தள்றேன், தள்றேன், லீவர் போவுது, இன்ஜின் கேக்கல. கீழ பூராவும் பாறை. அங்க உழுந்திருந்தா இந்நேரம் எனக்குக் காரியம் பண்ணிக்கினு இருப்பீங்க. தனகோட்டி கொல்லையில கடலைச் செடி புடுங்கிக்கினு இருந்த பொம்பளைங்களைத் தாண்டிக் கொண்டாந்து எறக்கினேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. இதுவா பதட்டம்?

— நீ பதட்டப்படல. லீவரையும் மாத்தி இழுக்கல. எனக்குத் தெரியும்.

— உனக்கு எப்பிடித் தெரியும்?

— தண்ணி குடிக்கிறியா பாப்பா?

— அக்கா, உன்னைத்தான். நூறு மணி நேர செக்கு முடிஞ்சு வந்த வண்டி அது. வேலை பாத்தவ நீதானே?

— நான்தான். லீவர்லேருந்து இன்ஜினுக்குப் போற கேபிளு இருக்குதே, அதைப் புடிக்கிற நட்டு. கையால முடுக்கினதோட நின்னுபோச்சு. ஸ்பேனர் போடல, நட்டு கழலாம இருக்க மாட்டற பின்னும் போடல. தரையில ஓட்டிப் பாக்கறப்போ புடிச்சுக்கினு இருந்திருக்கும். மேல போய் ஆடி ஆடிக் கழண்டுக்கிச்சு.

— ஜெயசுதாக்கா! பதினஞ்சு வருசமா மெக்கானிக்கா இருக்கற நீயா?

— ஆயுத பூசை சாயங்காலம் பாப்பா. அந்த நட்டைத்தான் புடிச்சுக்கினு இருந்தேன். பாண்டுரங்கன் சாரு வந்து, "போதும், எல்லா டூல்ஸும் சாமி முன்னாடி போவணும், ஐயரு காத்துக்கினு இருக்காரு"ன்னு ஸ்பேனரைக் கையிலேருந்து வாங்கிக்கினாரு. ஒரு நட்டு பாக்கி சார்னேன். "காலையில மறுபூசை முடிஞ்சதும் முடுக்கிக்க"ன்னாரு. பூசையில வெச்சதை நடுவுல போய் எடுக்க முடியுமா?

— மறுபூசை எத்தினி மணிக்கி?

— பத்துக்கு.

— என்னை ஏழரைக்கே ஏத்தி அனுப்பினாரேக்கா! "விஜயதசமி, நல்ல நேரம், மொத மொத தனியா செஞ்சி வரைக்கும் போயிட்டு வரப்போற, நேரம் தப்பக் கூடாது"ன்னு அவசரப்படுத்தினாரே!

— அந்த ஏழரைக்கி ஸ்பேனர் குங்குமத்தோட சாமி முன்னாடிதான் இருந்துச்சு.

— அடப்பாவிங்களா! ஸ்பேனருக்குக் காட்டின பக்தியில காவாசி என் உசுருக்குக் காட்டக் கூடாது? வேலை முடிஞ்சுதுன்னு லாக் புக்குல கையெழுத்து இருந்துச்சே! அதைப் படிச்சுட்டுதானே நான் ஏறினேன்!

— முந்தின நாளே சாரு போட்டுட்டாரு. பூசையன்னிக்கி எந்த வேலையும் பாக்கி நிக்கக் கூடாதாம்.

— உனக்கு வாய் இல்லியா? ஒரு போன் போட முடியலியா?

— காலையில ஏழு மணிக்கே போட்டேன். சாரு எடுக்கல. மறுபூசைக்கி முன்னாடி எவனும் பறக்கமாட்டான்னு நெனச்சுட்டேன். ஆனா மொத நாள் சாயங்காலம் சும்மா வுட்டுட்டு வரல அனு. எச்சரிக்கைக்கு மாட்டற சிவப்பு டேக்கெல்லாம் டூல்ஸோட பூசைக்குப் போயிடுச்சு. அதனால சிவப்புத் துணியைக் கிழிச்சு, "நட்டு பாக்கி, பறக்கக் கூடாது"ன்னு எழுதி, ப்ரொப்பெல்லர்ல கட்டிட்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

— நான் ஏறும்போது அப்பிடி எதுவும் இல்லியே!

— இல்லதான். போனதைப் பேசி இன்னா ஆவப்போவுது? இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடு. ஆறு மாசத்துல மறுபடியும் பறக்க வெக்கறேன்னு சாரு சொல்றாரு. வேற எதையும் கெளறாத.

— நீயும் அவரு ஆளாயிட்டியா? இப்ப போட்டா அப்புறம் ஆயுசுக்கும் நான்தான் கொல்லையில பிளேன் உட்டவ. என் நைனா எந்த மூஞ்சியோட பஸ்சு ஓட்டுவாரு? நாளைக்கி டெல்லியிலேருந்து விசாரணைக்கு வராங்க. வெள்ளைப் பேப்பர் எடு. எனக்குக் கை கட்டுல இருக்குது, நான் சொல்லச் சொல்ல நீ எழுது.

— வேணாம் பாப்பா.

— எழுதுக்கா! ஒண்ணு, பாண்டுரங்கன். முடியாத வேலைக்கிக் கையெழுத்துப் போட்டவரு. எழுதினியா?

— எழுதிட்டேன்.

— ரெண்டு… உன் பேருக்கா. எனக்கு மனசு வரல. ஆனா எழுதித்தான் ஆவணும்.

— அதை நீ சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். எனக்கு அதுல வருத்தம் இல்ல. வேலை போனா போவட்டும்.

— மூணு, அந்தச் சிவப்புத் துணியை அவுத்தவன். உங்க ரெண்டு பேரையாவது மன்னிச்சுடுவேன். பறக்கக் கூடாதுன்னு எழுதிக் கட்டினதை, இன்னா ஏதுன்னு பிரிச்சுக்கூடப் பாக்காம அவுத்துப் போட்டிருக்கான் பாரு, அவனை வுடமாட்டேன். இந்த ஜென்மத்துக்கும் அவன் பிளேன் பக்கம் வரக் கூடாது. யாரு அவன்? ஏன் பேனாவ கீழ வெக்கற?

— இதோட முடிச்சுக்கலாம் அனு. ரெண்டு பேரு போதும்.

— போதாது! உனக்குத் தெரியும், மறைக்கிற. யாருக்குப் பயப்படற? அந்தாளு மிரட்டினாரா?

— பிளேன் நிக்கிற ஹேங்கர் கேமராவ சாரு பாத்துட்டாரு. எனக்கும் போட்டுக் காட்டினாரு. இந்தப் பேப்பரைத் தூக்கிக்கினு நானே ஓடி வந்தது அதனாலதான்.

— அப்போ மூஞ்சி தெரிஞ்சுது இல்ல? சொல்லுக்கா, யாரா இருந்தாலும் எனக்குக் கவலையில்ல. யாரு?

— நீதான் பாப்பா. பூசை மாலையோட சேத்து அவுத்து, கண்ணுல ஒத்திக்கினு, அப்புறம்தான் ஏறின.